உப்பளத்துக்காரனின் மோட்டார் சைக்கிள்

உப்பளத்தில் வேலை பார்ப்பவன் மோட்டார் சைக்கிள் வாங்கினால், சம்பளமில்லாத இன்னொரு வேலையிலும் சேர்ந்துவிட்டான் என்று பொருள். எழுபதுகளில் தூத்துக்குடியில் நான் உப்பள மேற்பார்வையாளன். வாங்கியது பழைய வண்டி. ஒர்க் ஷாப்பில் நாலு பேர் நடுவே நின்று பேசக் கூச்சம். அதனால் சின்னக் கோளாறுகளை வீட்டு முற்றத்தில் நானே பார்த்தேன். நன்றாகவே பார்த்தேன் என்பதை வண்டி வைத்திருக்கும் சக கஷ்டவாளிகளிடம் சொல்ல மட்டும் கூச்சமில்லை.

ஒரே ஓர் ஆசை இருந்தது. என் மனைவி பிலோமினாவைப் பின்சீட்டில் உட்காரவைத்து ஓட்ட வேண்டும். அவளோ வண்டி வந்த அன்றே சொல்லிவிட்டாள்: “நடுவழியில தள்ளுததுக்கு என்னைக் கூப்பிடாதிய. ஒழுங்கா ஓடட்டும், அப்புறம் ஏறுதேன்.”

பிளக்

வண்டி திணறினால் முதலில் பிளக்கைக் கழற்றுங்கள். கரி பிடித்திருந்தால் உப்புத்தாளால் தேய்த்து, முனைகளின் இடைவெளியில் ஆக்சா பிளேடு உரசிக்கொண்டு நுழைகிறதா என்று பாருங்கள். பிறகு வயரில் மாட்டி, பிளக்கின் உடம்பு இஞ்சினைத் தொடும்படி வைத்துக் கிக் அடித்தால் நீலப் பொறி தெரிய வேண்டும்.

ஒருநாள் உப்பளத்திலேயே இதைச் செய்ய நேர்ந்தது. பம்பு ஓட்டும் சுடலைமுத்து, “நான் பிடிக்கேன் அண்ணாச்சி” என்று ஈரக் கையோடு வந்து பிளக்கைப் பிடித்தான். துணியால் பிடி என்று சொல்ல வாயெடுப்பதற்குள் என் கால் கிக்கரை மிதித்துவிட்டது. துள்ளிப் போய்ப் பக்கத்து உப்புப் பாத்தியில் உட்கார்ந்தவன், எழுந்திருக்காமலே சொன்னான்: “கரண்டு நல்லா வருது அண்ணாச்சி. வண்டிக்கே குடுங்க, எனக்குப் போதும்.”

மிஞ்சிய நட்டு

கழற்றும் நட்டுகளைத் தேங்காய்ச் சிரட்டையில் எண்ணிப் போடுவது என் வழக்கம். மாட்டி முடிக்கும்போது சிரட்டை காலியாக இருக்க வேண்டும். ஒரு ஞாயிறு மாலை செயின் கவரை மாட்டி முடித்தேன். ஒரு நட்டு மிஞ்சியது. எல்லாவற்றையும் கழற்றி மறுபடி மாட்டினேன். மறுபடியும் மிஞ்சியது. மூன்றாம் தடவை கழற்றத் தொடங்கியபோது, அதுவரை சுவரில் சாய்ந்து வேடிக்கை பார்த்திருந்த சுடலைமுத்து தலையைச் சொறிந்தான்.

“அது நம்ம சைக்கிள் நட்டு அண்ணாச்சி. தொலைஞ்சிரப்பிடாதேன்னு பத்திரமா அதுல போட்டு வச்சேன்.”

ஹார்ன்

ஹேண்டில் கழுத்தில் ஹார்ன் வயர் உரசி உரசித் தோல் போகும்; உள்ளே இருக்கும் கம்பி இரும்பைத் தொட்டால் வம்புதான். அதை நான் கவனிக்கத் தவறிய ஒரே ஞாயிறு, வண்டி மாதா கோயில் வாசலில் நின்றது. ஹேண்டிலை இடது பக்கம் திருப்பிப் பூட்டியிருந்தேன். பிரசங்கத்தின் நடுவில் ஹார்ன் தானாகவே அலறத் தொடங்கியது. ஊரே திரும்பிப் பார்க்க, நான் குனிந்தபடி வெளியே ஓடி வயரைப் பிடுங்கினேன். பிலோமினா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, யாரோ எவரோ என்று பீடத்தையே பார்த்திருந்தாள்.

வீட்டில் வயருக்கு டேப் சுற்றி, ஹேண்டில் திரும்பும் அளவுக்குத் தொய்வு விட்டு, வலை நூலால் கட்டினேன். அப்புறம் அது அலறவே இல்லை. சாமியாரிடம் மன்னிப்புக் கேட்கப் போனால், அவர் என் தோளில் தட்டினார்: “இன்னைக்குத்தான் ஒருத்தரும் தூங்கலை. அடுத்த ஞாயிறும் அங்கனயே நிறுத்தும்.”

போர்வை

எனக்கு அடங்காதது ஒன்றுதான். பாட்டரி முனைகளையும் பியூஸையும் ஞாயிறு தேய்த்துப் பளபளப்பாக்குவேன்; இரண்டு நாளில் வெள்ளை பூத்துவிடும். கடல் காற்றுதான் காரணம் என்று தீர்மானித்து, உப்பளத்திலிருந்து கனமான சாக்குகளைக் கொண்டுவந்து தினமும் வண்டியை இறுகப் போர்த்தினேன். வெள்ளை இன்னும் சீக்கிரம் பூத்தது. இன்னொரு சாக்குப் போட்டேன்.

அப்போது தருவைகுளத்தில் பிலோமினாவின் தங்கை குழந்தைக்கு ஞானஸ்நானம் வந்தது. இவள்தான் ஞானத்தாய், இவள் போகாமல் நடக்காது. அன்று பார்த்துப் பஸ் வரவில்லை. பட்டுச்சேலையோடு திரும்பி வந்தவள், என்னைப் பார்க்காமலே, “வண்டியை எடுங்க” என்றாள்.

சாக்குகளை உருவிப் போட்டுக் கிக் அடித்தேன். கரண்டு வருவதைக் காட்டும் அம்மீட்டர் முள் அசையவில்லை. மறுபடி அடித்தேன், வியர்த்ததுதான் மிச்சம். பிலோமினா கீழே கிடந்த சாக்கைத் தொட்டாள். ஈரம். விரலை நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

“கடக்காத்துக்குப் பயந்து உப்பையே போர்த்தி வச்சிருக்கியளே! அடுக்களையில உப்பு ஜாடியே கசியுது. இது கசியாதா?”

நாள் முழுக்க உப்போடு இருப்பவன் நான். முனைகளையும் பியூஸையும் தேய்த்து, இறுக்கி, மேலே வாஸ்லின் தடவினேன். முள் அசைந்தது. ஒரே கிக். அவள் ஒருபக்கமாக ஏறி என் தோளைப் பிடித்தாள். வழியில் நான் மூச்சு விட்டேனோ என்னவோ, வண்டி நிற்காமல் ஓடியது.

கோயிலில், “ஞானத்தாய் எங்க?” என்று அந்த ஊர்ச் சாமியார் கேட்டுக்கொண்டிருந்தார். பிலோமினா ஓடிப்போய்க் குழந்தையைக் கையில் வாங்கினாள். எல்லாம் முடிந்ததும் தங்கை, “எக்கா, வண்டி நடுவழியில நின்னுச்சா?” என்று கிண்டலாகக் கேட்டாள்.

பிலோமினா என்னை ஒரு பார்வை பார்த்தாள். “ஏளா, வண்டிக்கு ஒரு கோளாறும் இல்ல. போர்த்தினவருக்குத்தான். திரும்பிப் போகவும் இதுலதான் போறேன்.”

ஆகவே வீட்டிலேயே வண்டி பார்க்கும் சகபாடிகளே, ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால் போர்வையை ஒருமுறை தொட்டுப் பாருங்கள்.