காரை ஓட்டியது நான்தான்

போன வாரம் மேல்விஷாரம் பக்கத்தில் ஒரு மினி லாரி எங்கள் கார் மீது மோதியது. ஓட்டியது நான். பக்கத்தில் இருந்தவர் என் கணவர்.

க்ளெய்மில் ஏதோ சந்தேகம் என்று இன்று ஒர்க்‌ஷாப்புக்கு இன்ஷூரன்ஸ் சர்வேயர் வந்தார். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கணவரிடம் பேச ஆரம்பித்தார்.

"உண்மைய சொல்லுங்க சார். நீங்க ஓட்டிட்டு, லைசென்ஸ் இல்லன்னு மேடம் பேரைப் போட்டுட்டீங்களா?"

"எனக்கு ஓட்டவே தெரியாது சார்."

"வீட்ல கார் வச்சிக்கினு இப்டி சொன்னா, நான் இன்னான்னு எழுதறது?"

ஆம்பூர் ஷூ கம்பெனிக்கு தினமும் நானே ஓட்டிக்கொண்டு போகிறேன். க்ளெய்ம் போனாலும் போகட்டும், இதை விடக்கூடாது என்று தோன்றியது.

"சார், மோதினதுக்கு அப்புறம் டிரைவர் சீட்டை யாரும் தொடல. அவரை அதுல உக்கார வச்சுப் பாருங்க" என்றேன்.

கணவர் ஆறடி உயரம்; சீட் என் உயரத்துக்கு முன்னால் இழுத்து வைத்தது. ஒரு காலை உள்ளே விட்டதுமே முட்டி ஸ்டீயரிங்கில் இடித்தது. இன்னொரு கால் வெளியிலேயே நின்றுவிட்டது. சர்வேயர் அதைப் போட்டோ எடுத்துக்கொண்டார்.

"சரி, மேடம்தான் ஓட்டினாங்கன்னு எழுதிடறேன். க்ளெய்ம் வந்துடும்."

இதையும் கணவரிடம்தான் சொன்னார். கிளம்பும்போது ஒரு அறிவுரை வேறு.

"இனிமே மேடத்தைக் கொஞ்சம் பாத்து ஓட்டச் சொல்லுங்க சார்."

அன்று நாங்கள் சிக்னலில் நின்றிருந்தபோதுதான் லாரி பின்னால் வந்து இடித்தது. நிற்கிற காரை எப்படிப் பார்த்து ஓட்டுவது? தெரிந்தவர்கள் கமெண்டில் சொல்லவும். கணவரிடம் சொன்னாலும் சரி.