இரண்டிலும் மல்லிகை

மாரியம்மன் படத்துக்கு முன்னால் வாழை இலைத் துண்டில் மடித்து வைத்த இரண்டு பொட்டலங்கள். ஒன்றில் மல்லிகை, மற்றதில் செவ்வரளி. மல்லிகை வந்தால் நான் கணக்கை விட்டுவிட்டு டாக்டருக்குப் படிக்க வேண்டும். அரளி வந்தால் உயிரியலை விட்டுவிட்டு இன்ஜினியரிங். பூக்கட்டிப் பார்ப்பது எங்கள் வீட்டுக்குப் புதிதல்ல. கல்யாணத்துக்குப் பார்த்திருக்கிறார்கள், வீடு மாறுவதற்குப் பார்த்திருக்கிறார்கள். பரீட்சைப் பாடத்துக்குப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

தொண்ணூறுகளின் கடைசி அது. தொம்மலூரில் பழைய ஊருக்குள், எதிர்வீட்டுக் குக்கர் சத்தத்தை வைத்து மணி சொல்லக்கூடிய ஒரு சந்தில் குடியிருந்தோம். நான் பி.யூ.சி. இரண்டாம் வருடம், அதாவது பன்னிரண்டாம் வகுப்பு. இயற்பியல், வேதியியல், கணக்கு, உயிரியல் என்று நான்கையும் எடுத்திருந்தேன். டாக்டர், இன்ஜினியர் இரண்டு கதவும் திறந்திருக்கட்டும் என்று எடுப்பதுதான். ஆனால் நுழைவுத் தேர்வு நெருங்கும்போது ஒன்றை விட்டுத்தான் ஆக வேண்டும். நான்கையும் இழுத்துப் பிடித்தால் நான்கிலும் அரைகுறையாக நிற்போம் என்று கல்லூரியில் தினமும் எச்சரித்தார்கள். எந்தெந்தத் தாள் எழுதப்போகிறோம் என்று விண்ணப்பத்திலேயே குறிக்க வேண்டும். அப்பாவைக் கேட்டால், "எதுவோ ஒண்ணு, ஒழுங்கா படி" என்று சொல்லிவிட்டு ஷிஃப்டுக்குக் கிளம்பிவிடுவார். அம்மாவுக்குப் பாரத்தைச் சாமி தலையில் போட்டால்தான் தூக்கம் வரும்.

மாமாவுக்கு மட்டும் சந்தேகமே கிடையாது. மாமா என்றால் அம்மாவின் தம்பி. கல்யாணம் செய்துகொள்ளாமல் எங்களோடேயே இருந்தார். ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வார்டு பாய். வீட்டில் யாருக்காவது தலைவலி என்றால் நாடி பிடித்துப் பார்த்துவிட்டு, உதட்டைப் பிதுக்கி, "நத்திங் டு வொர்ரி" என்பார். மருந்துக் கம்பெனிக்காரர்கள் தரும் காலண்டர்கள் எல்லாம் எங்கள் சுவரில்தான் தொங்கும். ஜனவரிக்கு இதயம், பிப்ரவரிக்குச் சிறுநீரகம். விருந்தாளிகள் அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட வேண்டும். "எங்க பாப்பா டாக்டருக்குப் படிக்கப்போவுது" என்று மூன்று மாடி வார்டுகளிலும் அவர் சொல்லி வைத்திருந்தார். இதில் கொடுமை என்னவென்றால், உயிரியலில் எனக்கு நல்ல மார்க் வரும். கரப்பான்பூச்சியை அறுத்து நான் வரைந்த படத்தை மற்ற வகுப்புக்கெல்லாம் கொண்டுபோய்க் காட்டினார்கள்.

ஆனால் என் உயிர் கணக்கில் இருந்தது. அதை எப்படிச் சொல்வது? பக்கம் முழுக்க இன்டக்ரேஷன் போட்டு, இது எங்கே போய் முடியுமோ என்று பயந்துகொண்டே கீழே இறங்குவேன். திடீரென்று மேலும் கீழும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய், கடைசி வரியில் வெறும் ஒன்று நிற்கும். அப்போது எழுந்து ஒரு குதி குதிக்கத் தோன்றும். குதித்தும் இருக்கிறேன். கீழ்வீட்டிலிருந்து, "ஏனம்மா அது சத்தா?" என்று, அது என்ன சத்தம் எனக் கன்னடத்தில் குரல் வரும். அந்தச் சந்தோஷத்தை விட்டுவிடச் சொல்லிவிடுவார்களோ என்று எனக்கு அந்த வாரம் முழுக்கச் சோறு இறங்கவில்லை. வாயைத் திறந்து சொல்லவும் பயம். மாமாவின் முகத்தைப் பார்த்தால் பேச்சை மாற்றிவிடுவேன்.

வெள்ளிக்கிழமை காலை. குளித்துவிட்டு வந்த என்னை அம்மா படத்துக்கு முன்னால் நிறுத்தினாள். இரவு வேலை முடித்து வந்திருந்த மாமா, தூங்கப் போகாமல் கைகட்டி நின்றார். "கண்ண மூடிக்கினு ஒண்ணு எடு. அம்மன் குடுக்கறதுதான் முடிவு" என்றாள் அம்மா. எனக்கு மட்டும் தெரிந்த ஒரு வழி இருந்தது. மல்லிகைக்கு வாசனை உண்டு, அரளிக்குக் கிடையாது. அம்மா இதை யோசிக்கவே இல்லை. வாசனை இல்லாத பொட்டலத்தை எடுத்துவிட்டால் கணக்கு எனக்குத்தான். கும்பிடுகிற மாதிரி நன்றாகக் குனிந்தேன். வலதுபக்கப் பொட்டலத்தில் மல்லிகை வாசனை. ஆஹா என்று இடதுபக்கம் மூக்கை நகர்த்தினேன். அதிலும் மல்லிகை! மறுபடியும் வலது, மறுபடியும் இடது.

"அம்மா, ரெண்டுலயும் மல்லி வாசனை வருது!"

"சும்னே நேரம் கடத்தாத பாப்பா, ஏதோ ஒண்ணு எடு" என்றார் மாமா, மிக வேகமாக.

அம்மா இரண்டையும் கையில் எடுத்தாள். ஒன்றை அவள் கட்டிய வாழைநார் சுற்றியிருந்தது. இன்னொன்றைச் சுற்றியிருந்தது ஆஸ்பத்திரிக் கட்டுத்துணியில் கிழித்த ஒரு வெள்ளை நாடா. பிரித்தாள். இரண்டிலும் மல்லிகை. மாமா கூரையைப் பார்த்தார். "அம்மனுக்கே வெள்ளைதான் இஷ்டம் போலக்கா" என்றார்.

"டேய், அம்மன் எப்படா உங்க ஆஸ்பத்திரியில வேலைக்குச் சேர்ந்தா?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அந்த வேகத்தில், அடக்கி வைத்திருந்ததெல்லாம் வாயிலிருந்து கொட்டிவிட்டது. "எனக்குக் கணக்குதான் வேணும்! எத்தினி பூ போட்டாலும் எனக்குக் கணக்குதான்!" அம்மா பொட்டலங்களைக் கீழே வைத்தாள். மாமாதான் முதலில் பேசினார். "இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? நானு என்னாத்துக்கு விடியக்காலைல எங்கக்கா குளிக்கற நேரம் பாத்துத் திருடனாட்டம் பூ மாத்தணும்?" அன்று மாலையே விண்ணப்பத்தில் உயிரியலை விட்டேன். ஒரு வாரம் வரைக்கும் மாமா தலைவலிக்குக்கூட யார் நாடியையும் பிடிக்கவில்லை.

இன்று அதே தொம்மலூரில், மேம்பாலம் தாண்டி ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் எனக்கு வேலை. வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்ட மாமா, மாலை நடைக்கு வரும்போது எங்கள் ஆபீஸ் வாசல் செக்யூரிட்டிகளோடு நின்று பேசுவார். "உள்ள இருக்கறது எங்க அக்கா பொண்ணு. டாக்டர் சீட்டையே வேணாம்னு தள்ளிட்டு வந்தவ" என்று அளந்து வைத்திருக்கிறார். அப்படி ஒரு சீட்டு எனக்கு யாரும் தரவில்லை. அந்தச் செக்யூரிட்டிகள் என்னைப் பார்த்து எழுந்து நிற்கும்போது எனக்குத்தான் கூச்சமாக இருக்கிறது.

ஆனால் மாமா என்றதும் எனக்கு நினைவு வருவது அந்த நுழைவுத் தேர்வு நாள். காலையில் உயிரியல், மதியம் கணக்கு. காலைத் தாள் எனக்கு இல்லாததால் வீட்டில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். மாமா லீவு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்திருந்தார். பத்தரை மணிக்குக் கடிகாரத்தைப் பார்த்து, "இப்ப உள்ள பேப்பர் குடுத்திருப்பாங்க" என்றார். நான் பக்கத்தைப் புரட்டினேன். கொஞ்ச நேரம் கழித்து அவராகவே சொன்னார்: "ஆஸ்பத்திரியில என்னை 'ஏய் வார்டு'ன்னுதான் கூப்புடுவாங்க பாப்பா. பேரு யாருக்கும் தெரியாது. நீ அங்க டாக்டரா வந்து, எல்லார் எதிர்லயும் ஒருவாட்டி மாமான்னு கூப்ட்டா போதும்னு இருந்தேன். அவ்ளோதான் என் ஆசை." எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பன்னிரண்டு மணிக்கு அவரே எழுந்தார். "சரி, ஆயித்து. அந்தப் பேப்பரு முடிஞ்சிருச்சு. கெளம்பு, உன் பேப்பருக்கு நேரமாச்சு."

முகம் கழுவி, தலைசீவி, இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு மொபெட்டை உதைத்தார். அல்சூர் வரைக்கும் வழியெல்லாம், "தள்ளுப்பா, ஜருகி, ஜருகி, பரீட்சைக்குப் போற புள்ள!" என்று ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர் மாதிரியே கத்திக்கொண்டு வந்தார். கல்லூரி வாசலில் ஜே ஜே என்று கூட்டம். காரில் வந்த அப்பாக்கள், காலைத் தாளைப் பற்றி அலசிக்கொண்டிருந்த அம்மாக்கள். நான் உள்ளே போய்ப் படியேறிவிட்டேன். மேல்படியில் நின்று திரும்பி, அத்தனை பேருக்கும் கேட்கும்படி, தொண்டை கிழிய, "மாமா!" என்று கத்தினேன். கூட்டம் மொத்தமும் யாரைக் கூப்பிடுகிறாள் என்று திரும்பிப் பார்த்தது. மாமா சுற்றும் முற்றும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினார்.