சங்ககிரிப் பக்கம், கடைசித் தெருவுக்கு ஒரு தண்ணீர்ப் பயணம்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு வீட்டு வாசல் குழாயைப் பார்க்க சங்ககிரிப் பக்கம் போய்வந்தோம். சிரிக்காதீர்கள். என் மனைவி கவிதா கணக்குப் பேராசிரியை. கோட்டை மலையடியில் ஒரு சிற்றூருக்கு, எந்தத் தெருவுக்கு எப்போது எவ்வளவு தண்ணீர் என்று திட்டம் போட்டுக் கொடுத்திருந்தாள். அன்று சோதனையின் கடைசி நாள். கடைசித் தெருவுக்கு ஒருமுறை தவறினாலும் பழைய முறைதான் என்று ஊரில் கறாராகச் சொல்லியிருந்தார்கள்.

எங்கள் அஸ்தம்பட்டி வீட்டிலிருந்து காலை ஐந்தரைக்கு ஸ்கூட்டரில் கிளம்பினோம். சுமார் நாற்பது கிலோமீட்டர், பெட்ரோல் நூறு ரூபாய். லாரிக்காரர்கள் சாப்பிடும் கடையில் இருவருக்கும் இட்லி எண்பது ரூபாய். சட்னி அபாரம், நான் இன்னொரு தட்டு கேட்டேன். "ஏனுங்க, சித்த வெரசா சாப்பிடுங்க" என்றாள் கவிதா. அவள் தட்டில் இட்லி அப்படியே இருந்தது.

அவள் கணக்கு இதுதான். ஆற்றிலிருந்து எவ்வளவு வரும் என்று யாருக்கும் தெரியாது. மின்சாரம் போகும், குழாய் உடையும். பழைய முறை நல்ல நாளை நம்பிப் பங்கு போட்டது. நாள் கெட்டால் கடைசித் தெருவுக்கு வெறும் காற்று. கவிதா நல்ல நாள், கெட்ட நாள், படுமோசமான நாள் என்று கணினியில் நூற்றுக்கணக்கில் உருவாக்கி, எந்த நாளிலும் ஒரு தெருகூடக் காயாத பங்கைத் தேடிப் பிடித்தாள். எல்லோருக்கும் சற்றுக் குறைவு, தொட்டியில் எப்போதும் கொஞ்சம் கையிருப்பு. ஆனால் ஒருநாள் விட்டு ஒருநாள், ஏழு மணிக்குத் தண்ணீர் நிச்சயம்.

நாங்கள் ஊருக்குள் நுழையவும் மின்சாரம் போகவும் சரியாக இருந்தது.

கடைசித் தெருவின் கடைசி வீட்டுச் சரசக்கா குடங்களோடு வாசலில் நின்றிருந்தார். "கரண்டு போயிருச்சுங்களே, தண்ணி வருமுங்களா?"

"வருமுங்கக்கா" என்றாள் கவிதா. கண் கைக்கடிகாரத்தில் இருந்தது.

ஏழு மணிக்குக் குழாய் இருமியது. கொஞ்சம் காற்று, பிறகு பளபளவென்று தண்ணீர். கையிருப்பைத் திறந்துவிட்டிருந்தார்கள். நான் விசிலடித்தேன், கவிதா என் தொடையைக் கிள்ளினாள். அப்படி ஒரு சந்தோஷம்.

சரசக்கா குடங்களை நிரப்பினார். டிரம் பாதி ஆனதும் குழாயை மூடிவிட்டார். தண்ணீர் இன்னும் வந்துகொண்டுதான் இருந்தது.

"ஏனுங்கக்கா, டிரம் ரொம்பலையே?" என்று கேட்டாள் கவிதா.

"நாளான்னிக்கு வருமில்ல சாமி, போதும்."

கவிதாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "போதும்னு அவங்களே கொழாய மூடுவாங்கன்னு நான் கணக்குல போடவே இல்லீங்க" என்றாள் என்னிடம்.

போகிறவர்களுக்கு: கோட்டைக்கு வெயில் ஏறுமுன் ஏறிவிடுங்கள், படிகள் மூச்சு வாங்கவைக்கும். தொப்பி அவசியம். தண்ணீர் பாட்டிலுக்குக் காசு கொடுக்காதீர்கள். கடைசித் தெருவில் கேளுங்கள், இப்போது கொடுப்பார்கள்.