ஒரு மூக்குக்காக ஒரு ஸ்மோக்கர்

போன மாதம், அமாவாசைக்கு மறுநாள் காலை பத்து மணி நாற்பது நிமிடத்துக்கு எங்கள் வீட்டு வாசலில் ஒரு டெம்போ வந்து நின்றது. முந்தின நாளே வந்திருக்க வேண்டிய வண்டி. மேல்மலையனூர் கோயிலுக்குப் போகும் அமாவாசை ஸ்பெஷல் பஸ்கள் வழியை அடைத்துக்கொண்டதில் டிரைவர் பாதியிலேயே திரும்பிப் போய்விட்டாராம். போனில் அதைச் சொன்னபோது அவர் குரலில் வருத்தமே இல்லை. "அமாவாசை அன்னிக்கு செஞ்சிக்கு டெலிவரி போட்டது யாரு மேடம்?" என்று என்னையே கேட்டார்.

நானா போட்டேன்?

வந்த பெட்டி இடுப்பளவு உயரம். இரண்டு பேர் சேர்ந்து இறக்கினார்கள். எதிர்வீட்டு ஜபருல்லா பாய் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். பஜாரில் எலெக்ட்ரிகல் கடை வைத்திருப்பவர். தெருவில் எந்தப் பெட்டி இறங்கினாலும் முதலில் வருவது அவர்தான்.

"இன்னாமா, வந்துடுச்சா அந்த மிஷினு?"

"ஆமா பாய், அதேதான். ஸ்மோக்கர். கறியைப் புகையிலயே வேக வைக்கிறது."

பாய் பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "கறி வேகறப்ப புகை வரும், சரி. அந்தப் புகையிலயே வேக வெக்கறதுக்கு ஒரு மிஷினு... நெசமாவே ஓட்டல் எதனா வெக்கப் போறியா?"

இந்தக் கேள்வி என் காதில் விழுவது ஒன்பதாவது முறை. ஆமாம், எண்ணினேன். எண்ணுவேன் என்று இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கும் உங்களுக்குத் தெரியும்தானே?

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். என் கணவருக்கு வாசனை தெரியாது. போன வருடம் ஒரு காய்ச்சல் வந்தது. ஆறாவது நாள் காய்ச்சல் போனது. போகும்போது வாசனையையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது.

அதற்கு முன் எப்படி இருந்த மனிதர் தெரியுமா? கேட்டைத் திறக்கும்போதே "பால் அடி புடிச்சிடுச்சா?" என்று கேட்பார். பெருங்காயம் ஒரு சிட்டிகை கூடினால் முதல் கவளத்துக்கு முன்னாலேயே கண்டுபிடித்துவிடுவார். கல்யாணமாகி இருபத்தாறு வருடம் நான் அந்த மூக்குக்குப் பயந்துதான் சமைத்தேன். திட்டு வாங்காத வாரம் கிடையாது.

இப்போது? எதை வைத்தாலும் சாப்பிடுகிறார். "எப்படி இருக்குது?" என்று கேட்டால், "இருக்குது" என்கிறார். ஒருமுறை பழைய குருமா, ஊசிப்போனது, தெரியாமல் சாப்பிட்டு இரண்டு நாள் படுத்தார். எட்டு கிலோ இளைத்துவிட்டார்.

ஒருநாள் நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூட ஆபீஸில் இருக்கும்போது பாய் போன் செய்தார். எங்கள் வீட்டில் கேஸ் கசிந்து நாற்றம் தெருவுக்கே வந்திருக்கிறது. பாய் ஓடிப் போய் சிலிண்டரை மூடியிருக்கிறார். ஹாலில் என் கணவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தாராம். தலையை நிமிர்த்தி, "வாங்க பாய், டீ சாப்டறீங்களா?" என்றாராம். அடுப்பைப் பற்ற வைக்க எழுந்தும் விட்டாராம்.

அன்றிலிருந்து என்னால் ஆபீஸில் உட்கார முடியவில்லை. மணிக்கு ஒரு முறை போன் செய்கிறேன். அவர் எடுக்கும்வரை மூச்சு விடுவதில்லை.

விழுப்புரத்தில் காது மூக்கு தொண்டை டாக்டரைப் பார்த்தோம். "வரும்... நாளாகலாம்... சில பேருக்கு வராமலும் போகலாம். பயிற்சி குடுங்க" என்றார். எலுமிச்சை, கிராம்பு, ரோஜா, யூகலிப்டஸ். நான்கு பாட்டில். காலையும் மாலையும் ஒவ்வொன்றையும் இருபது விநாடி முகர வேண்டும். நான் டயரியில் எழுதினேன். எலுமிச்சை: இல்லை. கிராம்பு: இல்லை. ரோஜா: இல்லை. யூகலிப்டஸ்: இல்லை. பக்கம் பக்கமாக இதேதான்.

"போதும் விடு கலா" என்றார் ஒருநாள். "இல்ல இல்லன்னு எழுதறதுக்கு ஒரு நோட்டா?"

அந்த வாரம்தான் பஜாரில் அது நடந்தது. கரியில் கோழி சுட்டு விற்கும் கடை ஒன்றைத் தாண்டும்போது சட்டென்று பைக்கை நிறுத்தினார்.

"ஏதோ தெரியற மாதிரி இருக்குது."

"இன்னா தெரியுது?"

"தெரியல... ஏதோ."

அவ்வளவுதான். மறுநாள் கூட்டிப் போனேன், ஒன்றும் இல்லை. தொடர்ந்து ஆறு மாலை கூட்டிப் போனேன். தினமும் எதிரில் நின்று மூக்கை உறிஞ்சிவிட்டுப் போகும் தம்பதியைக் கடைக்காரர் என்ன நினைத்திருப்பார்? ஏழாவது நாள் எங்களைப் பார்த்ததும் திரும்பி நின்றுகொண்டார்.

ஆனால் எனக்கு ஒரு பிடி கிடைத்துவிட்டது. புகை. கடைத்தெருவில் வாரியடிக்கிற புகை உதவாது. வீட்டிலேயே, ஒரே சீராக, மூன்று நான்கு மணி நேரம் வரும் புகை வேண்டும். அதற்கென்று ஒரு மெஷின் இருக்கிறது என்று இன்டர்நெட் சொன்னது. இரண்டு வகை இருக்கிறது என்றும் சொன்னது. என் நிம்மதி அங்கேதான் போனது.

எலெக்ட்ரிக்கா, பெல்லட்டா?

ஐந்து வாரம் ஆராய்ந்தேன். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, பதினான்கு வரிசையில் ஒரு அட்டவணை. ஒரே மாடலுக்கு ஒருவர் "அருமை" என்கிறார், அடுத்தவர் "இரண்டே மாதத்தில் துரு" என்கிறார். மூன்றாமவர் "டெலிவரி பையன் நல்ல மாதிரி" என்று எழுதி ஐந்து ஸ்டார் கொடுத்திருக்கிறார். இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

வீடியோவில் ஒரு வெள்ளைக்காரர் ஆப்பிள் மரப் புகைக்கும் செர்ரி மரப் புகைக்கும் வித்தியாசம் சொல்கிறார். அவருக்குப் பின்னால் பனி பெய்கிறது. எனக்குப் பின்னால் வேப்பமரம் வெயிலில் வாடிக்கொண்டிருக்கிறது. செர்ரிக்கு நான் எங்கே போவேன்?

கஸ்டமர் கேருக்குப் போன் செய்தேன். "எலெக்ட்ரிக் எடுங்க மேடம். நம்பரை செட் பண்ணிட்டு நீங்க பாட்டுக்கு வேலையைப் பார்க்கலாம்" என்றாள் ஒரு பெண். மறுநாள் அதே பெண், "பெல்லட் எடுங்க மேடம், அதுதான் டேஸ்ட்" என்றாள்.

"நேத்து எலெக்ட்ரிக்னு சொன்னீங்களேம்மா?"

"நேத்து அது ஸ்டாக் இருந்துச்சு மேடம்."

நான் புரிந்துகொண்ட வரையில் சொல்கிறேன், யாருக்காவது உதவும். எலெக்ட்ரிக் ஸ்மோக்கரில் ஹீட்டர் மாதிரி ஒரு கம்பி. அதன் மேல் மரச் சில்லுகளைப் போட்டால் புகையும். சுலபம்தான், ஆனால் புகை லேசு. பெல்லட் என்பது மரத்தூளை இறுக்கிச் செய்த பென்சில் கனக் குட்டைக் குச்சி. அதுவே எரிந்து சூடும் தரும், புகையும் தரும். நல்ல கனமான புகை.

பாயிடம் அட்டவணையைக் காட்டினேன். ஒரு வரிசையில் மட்டும் விரலை வைத்தார். "ஆயிரத்து ஐந்நூறு வாட்டு, நாலு மணி நேரமா? நம்ம தெரு வோல்டேஜ் பாத்துக்கிறியா நீ? கரண்டு போனா உன் இன்வெர்ட்டரு இத்தை இழுக்காது. பாதி வெந்த கோழியை வெச்சினு உக்காந்திருப்ப."

சரி, பெல்லட். விறகுதானே, கரண்ட் தொல்லை இல்லை என்று நிம்மதியாக இன்டர்நெட்டில் இருந்த கையேட்டைத் திறந்தால், முதல் பக்கத்திலேயே பிளக் படம்.

"விறகு எரியறதுக்கு எதுக்கு பாய் கரண்டு?"

"குச்சியை உள்ள தள்றதுக்கு ஒரு திருகு சுத்துது பாரு. காத்துக்கு ஃபேனு. கம்மியாதான் இழுக்கும், உன் இன்வெர்ட்டரு தாங்கும். இத்தையே வாங்கு."

ஐந்து வாரம், பதினான்கு வரிசை. விடை ஒரு இன்வெர்ட்டரில் இருந்தது. இதை அவர் முதல் வாரமே சொல்லியிருக்கக் கூடாதா? "நீ கேக்கலியேமா" என்றார்.

யாருக்காக இத்தனையும் செய்கிறேனோ அவர் என்ன சொன்னார்? "ஏதாவது ஒண்ணு வாங்கு. எனக்கு எல்லாம் ஒண்ணுதான்." எனக்கு அழுகை வரும்போல் இருந்தது. அட்டவணையை மடித்து வைத்துவிட்டு அன்றே ஆர்டர் போட்டேன்.

மெஷின் வந்தது. பெல்லட் வரவில்லை. "ஸ்டாக் இல்ல மேடம், மூணு வாரம் ஆகும்" என்றாள் அதே பெண். காரை விற்றுவிட்டுப் பெட்ரோல் அடுத்த மாதம் வரும் என்று எந்தக் கம்பெனியாவது சொல்லுமா?

பக்கத்து ஊர் வல்லத்தில் பயிர் வைக்கும் என் தம்பி முருகன் அந்தச் சமயம் பார்த்து வந்தான். பெல்லட் படத்தைப் பார்த்தான். சிரித்தான்.

"இதுக்கா உக்காந்துனு இருக்கிற? எங்க பக்கம் ஒரு மில்லுல மல்லாட்ட தோலை அரைச்சி இதே குச்சிதான் போடறான். மூட்ட மூட்டயா கெடக்குதுக்கா."

நிலக்கடலை ஓடு. நம்ம ஊர் நிலத்தில் விளைந்தது. செர்ரியை விட எந்த விதத்தில் குறைச்சல்? மறுநாளே ஒரு மூட்டை கொண்டுவந்து இறக்கினான்.

நான் சும்மா விடுவேனா? கையேட்டில் ஆறு முதல் எட்டு மில்லிமீட்டர் கனம் என்று இருந்தது. பத்துக் குச்சிகளை எடுத்து ஸ்கேலில் அளந்தேன். பத்தும் எட்டு. ஈரம் இருக்கக் கூடாது என்று இருந்தது. ஒடித்துப் பார்த்தேன். டக்கென்று ஒடிந்தது. நீளம் சரி. தூசு குறைவு. எல்லாவற்றையும் டயரியில் எழுதி டிக் அடித்தேன்.

இதில் என்னென்ன கலந்திருக்கிறது என்று மட்டும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை. இஞ்சி பூண்டு, மிளகாய்த்தூள், எலுமிச்சை தடவி இரவு முழுக்க ஊறிய முழுக் கோழி. கேட்டுக்கு உள்ளே, கார் நிறுத்தும் இடத்தில் ஸ்மோக்கர். நூற்றுப்பத்து டிகிரி. பத்து மணி ஐந்து நிமிடத்துக்குக் கோழியை உள்ளே வைத்தேன். கணவர் உள்ளே நகம் வெட்டிக்கொண்டிருந்தார். ஒரு மணி நேரம் கழித்துக் கூப்பிடுகிறேன், வந்து பக்கத்தில் உட்கார வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தேன். "ம்" என்றார்.

முதலில் வெள்ளைப் புகை. சரி. பிறகு மஞ்சள். கையேட்டில் மஞ்சளைப் பற்றி ஒன்றும் இல்லை. ராஜகிரி மலைப் பக்கமிருந்து காற்று வேறு... புகையை அப்படியே வாரித் தெருவில் கொட்டியது.

அந்த நாற்றத்தை எப்படிச் சொல்வது? பழைய டயரும் மண்ணெண்ணெயும் சேர்ந்து எரிகிற மாதிரி. தெருவில் ஒவ்வொரு ஜன்னலாகச் சாத்துகிற சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டு மல்லிகா மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "அக்கா, புள்ள இருமுதுக்கா" என்றாள்.

பாய் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார். "இன்னாமா எரிக்கிற, ஒயரா?"

"கோழி பாய்."

"எந்த ஊரு கோழி?"

முருகனுக்குப் போன் போட்டேன். மில்காரரைக் கேட்டுவிட்டு ஐந்து நிமிடத்தில் திரும்பக் கூப்பிட்டான். குரல் இறங்கியிருந்தது.

"அக்கா... மல்லாட்ட தோலு பாதிதான் போலருக்குது. மீதி மரத்தூளு. பழைய பிளைவுட்டு, பெயிண்ட் அடிச்ச கதவு, அல்லாத்தையும் போட்டு அரைக்கிறானாம். பாய்லருக்குப் போற சரக்கு, யாரு திங்கப் போறாங்கன்னு கேக்கறான்."

போனை வைத்தேன். பிளக்கைப் பிடுங்கினேன். மூடியைத் திறந்தால் கோழி மேல் தார் பூசின மாதிரி ஒரு படலம். நாய் தின்றுவிடக் கூடாது, குழி தோண்டித்தான் புதைக்க வேண்டும். மூடியைச் சாத்திவிட்டு அங்கேயே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். ஐந்து வார அட்டவணை. பத்துக் குச்சி அளந்த ஸ்கேல். எட்டு கிலோ இளைத்த மனிதர். ஒரு வருடமாக எதைத் தொட்டாலும் இப்படித்தான் முடிகிறது என்று தோன்றியது.

அப்போது கதவு திறந்தது. என் கணவர் கையில் நகவெட்டியோடு, முகத்தைச் சுளித்துக்கொண்டு வெளியே வந்தார். நான் கூப்பிடவில்லை.

"இன்னா கலா இது, இப்டி நாறுது?"

"அத்தத்தான் நானும் கேட்டுனு இருக்கிறேன்" என்றார் பாய். சொல்லிவிட்டு அவரும் நிறுத்திவிட்டார்.

நான் படிக்கட்டிலிருந்து எழுந்து கணவரைப் பார்த்தேன்.

"இன்னா சொன்னீங்க?" என்றேன் நான்.

"நாறுதுன்னேன்..." சொன்னவர் அப்படியே நின்றார். நகவெட்டியைப் படிக்கட்டில் வைத்தார். மெதுவாக ஸ்மோக்கர் பக்கம் வந்து குனிந்தார். இருமினார். கண்ணில் தண்ணீர். புகையினாலா என்று நான் கேட்கவில்லை.

"பெயிண்டு... பெயிண்டு இருக்குது இதுல. அப்புறம்... கருகின மாதிரி ஒண்ணு... பூண்டு. பூண்டு ஜாஸ்தி போட்டுட்ட கலா."

பத்துப் பல். ஆமாம், ஜாஸ்திதான்.

"கொஞ்சமா வந்து கொஞ்சமா போவுது" என்றார். சின்னப் பிள்ளை மாதிரி மறுபடி மறுபடி மூக்கை உறிஞ்சினார். "போயிடுச்சா... இல்ல, இருக்குது."

புகை கலைந்துகொண்டிருந்தது. நான் மூடியின் பிடியில் கை வைத்தேன். எதிரே பார்த்தேன். ஒரு வீடு விடாமல் சாத்தியிருந்தது. பாய் வீட்டு ஜன்னல்கள் இரண்டு மட்டும் திறந்திருந்தன.

"பாய்... இன்னும் ஒரே ஒரு தடவை?"

பாய் தெருவைக் கடந்து போனார். இரண்டு ஜன்னலையும் தானே சாத்தினார். திரும்பி வந்து, துண்டை மூக்கில் அழுத்திக்கொண்டு சொன்னார்:

"தொறம்மா."