கடைசித் தழை

என் மருமகள் செல்போனைச் சுவரில் சாய்த்து வைத்துக்கொண்டுதான் சமைப்பாள். ஓட்டல் சால்னாவை வீட்டிலேயே வைப்பது எப்படி என்று அதற்குள் ஒருத்தி பேசிக்கொண்டிருப்பாள். வெங்காயம் பொரிகிற சத்தம் கேட்கும். புதினாவின் பச்சை கண்ணைப் பறிக்கும். கொதி வருவதும் எண்ணெய் பிரிவதும் அப்படியே தெரியும்.

"பாத்தாலே வாய் ஊறுது, இல்லியா மாமி?" என்றாள் போன வாரம்.

எனக்கு ஊறவில்லை. போனில் எல்லாம் வருகிறது, மணம் மட்டும் வருவதில்லை. மணம் இல்லாமல் ஒரு சமையலை நின்று பார்ப்பது எப்படி இருக்கும் என்று அப்போதுதான் யோசித்தேன். யோசித்ததும் வாப்பா ஞாபகம் வந்துவிட்டது. அன்றைக்கு அந்தச் சால்னா எனக்கு இறங்கவில்லை.

எனக்கு மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. இதையும் எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். மெதுவாகத்தான் வரும், வரட்டும். ஆனால் என் மூக்கு படித்த மூக்கு. தென்காசியில் எங்கள் தெருவில் எந்த வீட்டில் என்ன கொதிக்கிறது, அதில் எது குறைகிறது என்று நடையில் நின்றே சொல்லிவிடுவேன். இந்த வயதிலும் சொல்வேன். அது வாப்பா கொடுத்த மூக்கு.

வாப்பா குற்றாலத்தில், அருவிக்குப் போகிற பாதையில் இருந்த ஒரு பரோட்டாக் கடையில் சால்னா மாஸ்டர். சாரல் காலத்தில் குளித்து முடித்து, தலையில் எண்ணெய் போகாமல், பல் கிட்டிக்கொண்டு வருகிறவர்கள் நேராக அந்தக் கடைக்குள்தான் நுழைவார்கள். பரோட்டாவைப் பிய்த்துப் போட்டுச் சால்னாவை ஊற்றினால் அப்புறம் பேச்சே இருக்காது.

வாப்பா எதையும் ருசி பார்க்க மாட்டார். நோன்பு மாதத்தில் எங்கள் ஆட்களில் சமைக்கிறவர்கள் மூக்கால்தான் உப்புப் பார்ப்பார்கள், வாயில் எதுவும் படக்கூடாது என்பதால். பெருநாள் பிறை தெரிந்ததும் மற்றவர்கள் நாக்குக்குத் திரும்பிவிடுவார்கள். வாப்பா திரும்பவில்லை. வருஷம் முழுக்க அவருக்கு மூக்குதான். மூடியைக் கொஞ்சமாகத் தூக்கி, ஆவியை ஒரு இழுப்பு இழுப்பார். "உப்பு ஒரு கை போடு" என்பார். போட்டால் சரியாக இருக்கும். நாக்கால் பார்க்கிற மாஸ்டர்களை அவர் மதித்ததே இல்லை. அந்தப் பெருமை அவர் சட்டைக்காலரில் உட்கார்ந்திருக்கும்.

இன்னொரு பழக்கமும் அவருக்கு உண்டு. அடுப்பிலிருந்து இறக்கி, பரிமாறப் போகிற நேரத்தில்தான் புதினாவும் மல்லித்தழையும் கையால் கிள்ளி மேலே தூவுவார். கத்தி படக்கூடாது. கொதியில் போட்டால் அது கீரையாகிவிடும் என்பார். அதற்குக் கடைசித் தழை என்று பெயர். அது விழாமல் அவர் சட்டியிலிருந்து ஒரு கரண்டி வெளியே போகாது.

எனக்கு எட்டு வயது இருக்கும். அந்தச் சித்திரையில் கோடை மழை பெய்து அருவிப் பாறையெல்லாம் பாசி பிடித்துக் கிடந்தது. விடியற்காலையில் குளிக்கப் போன வாப்பா வழுக்கி விழுந்தார். பிடரியில் அடி. ஆஸ்பத்திரியில் கிடந்து, தலையில் கட்டோடு வீட்டுக்கு வந்தார். காயம் ஆறியது. கண் தெரிந்தது, காது கேட்டது, கைகால் நன்றாக இருந்தது. உம்மா பள்ளிவாசலில் நேர்ச்சைக் கஞ்சி காய்ச்சி ஊற்றினாள். வாப்பா கடைக்குப் போனார்.

போன கொஞ்ச நாளில் ஒரு பெரிய சட்டிச் சால்னா அடிப்பிடித்துவிட்டது. ரோட்டில் போனவர்கள்கூட மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிப் பார்த்தார்களாம். வாப்பா மட்டும் பக்கத்திலேயே நின்று, கிண்டிக்கொண்டே யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாராம். முதலாளி நல்ல மனிதர். சத்தம் போடவில்லை.

"ஒடம்பு இன்னும் சரியாகல மாஸ்டர். வீட்ல இரும். சாரல் தொடங்கட்டும், பாப்போம்" என்று அனுப்பிவிட்டார். அதற்குள் செங்கோட்டையில் வேறு ஒரு மாஸ்டரிடம் ஆள் விட்டிருக்கிறார் என்பதும் எங்கள் காதுக்கு வந்துவிட்டது.

வீட்டில் இருந்த வாப்பா உம்மாவின் அடுப்பைப் பிடித்துக்கொண்டார். தினமும் சாயங்காலம் கடைச் சால்னா. ஒரு நாள் எலும்பு, ஒரு நாள் வெறும் தக்காளி, ஒரு நாள் கோழிக்கு வைக்கிற பச்சைச் சட்னி. உம்மா ஆணம், அதாவது குழம்பு, காய்ச்சிய சட்டியெல்லாம் ஓரத்தில் கவிழ்ந்து கிடந்தது. பக்கத்து வீட்டு மாமி மதிலுக்கு மேலே தலையை நீட்டுவாள்.

"என்ன மைனி, வீட்டுக்குள்ளயே பரோட்டாக் கடை போட்டாச்சா? எனக்கு ஒரு பார்சல் கட்டு."

"ஆமா, இலைய நீ கொண்டா, கட்டித் தாரேன்" என்பாள் உம்மா. சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு உள்ளே வந்து, புறவாசல் கதவைச் சாத்துவாள். சாத்தும்போது முகத்தில் சிரிப்பு இருக்காது.

எனக்கு அது பெருநாள் போல இருந்தது. ஏனென்றால் வாப்பா எனக்கென்று ஒரு விளையாட்டு கண்டுபிடித்திருந்தார்.

"ஏட்டி, இங்கன வா. கண்ண மூடு. என்ன மணக்கு, சொல்லு."

"பெருஞ்சீரகம்."

"வறுபட்டுட்டா?"

"இல்ல வாப்பா. பச்ச வாடை வருது."

அவர் கரண்டியைப் போட்டுக் கிண்டுவார். "இப்பம்?"

"இப்பம் சரியாயிட்டு. ஆனா பட்டை தூக்கலா இருக்கு. ரம்பை இலை மணக்கவே இல்ல."

"அட என் குட்டி மாஸ்டரே!" என்று நெற்றியில் முத்தம் கொடுப்பார்.

விளையாட்டுக்கு ஒரே சட்டம்தான். எது மணந்தாலும் மறைக்கக் கூடாது, உடனே சொல்லிவிட வேண்டும். நான் ஒரு நாளும் தோற்றதில்லை. என்னைச் சோதித்துப் பார்க்கத்தான் வாப்பா கேட்கிறார், அவருக்கு எல்லாம் முன்கூட்டியே தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். வாத்தியார் கணக்குக் கேட்கிறார், அவருக்கு விடை தெரியாமலா கேட்கிறார்?

ஒரு நாள் உம்மா அரிசி புடைத்துக்கொண்டே, யாரையும் பார்க்காமல், "இந்தப் பிள்ளைய வச்சு எம்புட்டு நாளைக்கு ஓட்டுவீய?" என்றாள்.

"சாரல் வந்துரட்டும். கடைக்குக் கூட்டிட்டுப் போறேன். ஒரு மூலையில ஒக்காந்திருக்கட்டும்."

"பொட்டப் பிள்ளைய பரோட்டாக் கடையிலயா?"

வாப்பா அடுப்பு ஊதப் போய்விட்டார். உம்மாவுக்குப் பொறாமை என்று எனக்குப் பட்டது. அவளை யாரும் குட்டி மாஸ்டர் என்று கொண்டாடியதில்லையே.

சாரல் நெருங்கி, மலையில் மேகம் இறங்கத் தொடங்கியது. ஒரு வெள்ளிக்கிழமை, கடை அடைப்பு நாள், ஜும்மா முடிந்து முதலாளியைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார் வாப்பா. சட்டியைப் பார்த்து முதலாளி தலையாட்டினால் இந்தச் சாரலுக்கு அடுப்பு அவருடையது. இல்லாவிட்டால் செங்கோட்டைக்காரனுக்கு.

காலையிலிருந்தே நான் சட்டி பக்கத்தில். ஒவ்வொன்றுக்கும் கூப்பிட்டார், ஒவ்வொன்றுக்கும் சொன்னேன். அப்படி ஒரு சால்னாவை நான் அதற்குப் பிறகு எங்கேயும் மோந்ததில்லை. நானே சொல்லக் கூடாது, ஆனாலும் சொல்கிறேன்.

வாப்பா தொழுகைக்குப் போகும்போது உம்மா துணிப்பையில் ஒரு போத்தலைப் போட்டுக் கொடுத்து, விளக்குக்குச் சீமெண்ணெய் வாங்கி வரச் சொன்னாள். போத்தலுக்குத் தக்கை இல்லை, காகிதத்தைச் சுருட்டி அடைத்திருந்தது. திரும்பும்போது கடைசித் தழைக்குப் புதினாவையும் மல்லியையும் வாங்கி, அதே பைக்குள் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். மூக்குள்ள எவனும் அதைச் செய்ய மாட்டான். கூடவே முதலாளியும் வந்துவிட்டதால், போத்தலை மட்டும் எடுத்துத் திரைச்சீலைக்கு உள்ளே உம்மாவிடம் நீட்டிவிட்டு, பையை வாசல் ஆணியில் மாட்டிவிட்டார்.

முதலாளி பாயில் உட்கார்ந்தார். அந்நிய ஆண் என்பதால் உம்மா திரைக்குப் பின்னால் நின்றாள். வாப்பா சட்டியைக் கொண்டுவந்து மூடியைத் திறந்தார். முதலாளி கண்ணை மூடினார்.

"மாஸ்டர், அதே மணம்! நான் பயந்துல்லா போயிட்டேன். நாளைக்கே வாரும். செங்கோட்டைக்காரனுக்கு வேண்டாம்னு சொல்லிருதேன்."

திரைக்குப் பின்னால் உம்மா மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. அதோடு முடிந்திருக்கலாம்.

"இருங்க முதலாளி, கடைசித் தழை போடல" என்று எழுந்தார் வாப்பா.

ஆணியிலிருந்து பையை எடுத்து வந்தார். கை நிறைய அள்ளி, கிள்ளிக் கிள்ளிச் சட்டி மேல் தூவினார். விரல்கள் ஆடுவது போல இருக்கும் அவர் தூவுவதைப் பார்க்க. ஆவி பட்டதும் அறை முழுக்க வாடை எழுந்தது. முதலாளியின் கை அந்தரத்தில் நின்றது. திரைக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. ஒரு தடவை, பிறகு வேகமாக. வாப்பா திரும்பிப் பார்க்கவில்லை. அவர் முகத்தில் பழைய பெருமை அப்படியே இருந்தது.

என்னைத்தான் உம்மா கூப்பிடுகிறாள் என்று தெரிந்தது. ஆனால் விளையாட்டில் சட்டம் இருக்கிறதே. முதலாளிக்கும் என் கெட்டிக்காரத்தனம் தெரியட்டும் என்று நன்றாகச் சத்தமாகவே சொன்னேன்.

"வாப்பா, சீமெண்ண வாடை வருது!"

வாப்பா சிரித்தார். "வெளையாடுதா முதலாளி. எம் பிள்ளைக்கு எந்நேரமும் வெளையாட்டு." சொல்லிவிட்டுச் சட்டிக்கு மேல் குனிந்து, நெஞ்சு நிறைய ஒரு இழுப்பு இழுத்தார். "புதினா என்னமா மணக்கு!"

முதலாளி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, "எப்பயிருந்து மாஸ்டர்?" என்று கேட்டார்.

வாப்பா என்னைப் பார்த்தார். பைக்குள் கைவிட்டு ஒரு இலையை எடுத்து, கசக்கி, மூக்கில் வைத்தார். அதைக் கீழே போட்டுவிட்டு இன்னொன்றை எடுத்தார். பை காலியாகும் வரைக்கும் அப்படியே செய்தார். முதலாளி தடுக்கவில்லை. எழுந்து, சாப்பிடாத கையைக் கழுவிவிட்டு, வாப்பா தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.

எனக்கு வரவேண்டிய முத்தம் வரவில்லை. "நான் சொன்னது சரிதான வாப்பா?" என்று கேட்டேன்.

"சரிதாம்ட்டீ" என்றார். "நீதான் ஜெயிச்ச."

உம்மா சட்டியைக் கொல்லையில் கொட்டினாள். ஓடி வந்த நாய் ஒரு தடவை மோந்துவிட்டு விலகிப் போனது. அன்றோடு விளையாட்டு நின்றது. நான் எத்தனையோ தடவை கண்ணை மூடிக்கொண்டு போய் நின்று பார்த்தேன். அவர் கேட்கவில்லை.

இப்போது இதைக் கேட்கிறவர்கள், நீ வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமே என்கிறார்கள். நான் ஏன் மூட வேண்டும்? நான் சொல்லாவிட்டால் அந்த வாடை போயிருக்குமா? மணந்ததைச் சொன்னேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

சாரல் வந்தது. செங்கோட்டை மாஸ்டர் நாக்கால் உப்புப் பார்த்துச் சால்னா வைத்தார். ஜனம் அதையும் சாப்பிட்டது. முதலாளி வாப்பாவைக் கைவிடவில்லை, கடைக்குப் பின்னால் வெங்காயம் வெட்டுகிற வேலை கொடுத்தார். தான் நின்ற அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கூடை கூடையாக வெட்டினார். தினமும் கண் சிவந்து வீட்டுக்கு வருவார்.

"கண்ணு ஏன் செவந்திருக்கு வாப்பா?"

"வெங்காயம்ட்டீ."

கையைப் பிடித்து மோந்து பார்ப்பேன். வெங்காயம்தான். என் மூக்கு பொய் சொல்லாது.

வெள்ளிக்கிழமை கடை கிடையாது. அன்றைக்குக் குளித்து, சலவை வேட்டி கட்டி, அத்தர் பூசிக்கொண்டு தொழுகைக்குப் போய்விட்டு வந்து சுவரோரம் உட்கார்ந்திருப்பார். அளவு தெரியாமல் அத்தரை அப்பியிருப்பார், தெருமுனையில் வரும்போதே எனக்கு மணக்கும். கையில் வெங்காய வாடை துளியும் இருக்காது. அன்றைக்கும் கண் அப்படியேதான் சிவந்திருக்கும். இந்த அத்தர் ரொம்பக் காரம் போல என்று நினைத்துக்கொண்டு நான் விளையாடப் போய்விடுவேன்.