சாய்ந்துகொண்டே வந்த கோடு

நம்புகிறவர்கள் நம்புங்கள், நம்பாதவர்கள் போய்ப் படுங்கள். இது எனக்கு நடந்தது. நியூஃபவுண்ட்லாந்துக் கடற்கரை, ஏப்ரல் 9, பட்டப்பகல்.

ரேடார் அறையில் நான் தனியாக இருந்தேன். வெளியே கை நீட்டினால் விரல் தெரியாத மூடுபனி. கடலில் மிதக்கும் பனிக்கட்டிகளுக்கு நடுவே என் தம்பி கார்லண்ட், சின்னப் படகில். வயர்லெஸ்ஸில் வழி சொல்லி அவனைக் கரை சேர்ப்பது என் பொறுப்பு.

வேகம் மாறிக்கொண்டே இருக்கும் பொருளின் எதிரொலி, சாதாரணக் கணக்கில் வெறும் இழுகலாக, மைத் தீற்றல் மாதிரிதான் தெரியும். நாங்கள் போடுவது சர்ப்லெட் கணக்கு. இழுகலைக் கோடாக்கிவிடும். கோடு இரண்டு பக்கமும் மாறி மாறிச் சாய்ந்தால், அலையில் ஆடும் பனிக்கட்டி. ஒரே பக்கம் சாய்ந்தால், வேகமெடுக்கும் படகு. பதினோரு வருடமாக இந்தக் கணக்கைக் கட்டிக்கொண்டு அழுகிறேன். ஒருநாளும் ஏமாற்றியதில்லை.

2:35. தேநீர் போட எழுந்தேன்.

2:52. திரும்பி வந்தால் திரையில் இரண்டு கோடுகள். ஒன்று ஆடியது. ஒன்று சாய்ந்தது.

"அந்த ஆடுறது வெறும் பனிக்கட்டி. அழிச்சிடு, லியோனா." கார்லண்டின் குரல்.

"என்னடா, புதுசா பேரெல்லாம் சொல்ற?" அவனுக்கு நான் எப்போதும் 'கிழவி'தான்.

கர்ர்ர்... என்று இரைச்சல் மட்டும். என் திரையில் ஆடுவது அவனுக்கு எப்படித் தெரியும்? அதைக்கூட யோசிக்கவில்லை, பாவி நான்.

அழித்தேன்.

3:10. என் அறையிலிருந்து நானூறு மீட்டர். "மெதுவா வாடா, துறை வந்துடுச்சு."

வேகம் குறைந்தால் கோடு மறுபக்கம் சாய வேண்டும். சாயவில்லை.

3:14. எண்பது மீட்டர். துறை அதோடு முடிகிறது.

"நிறுத்துடா!"

அறுபது... அங்கே தண்ணீரே கிடையாது.

நாற்பது...

பத்து...

வாசலில் ஈரக் காலடி. சப்... சப்...

"கதவத் திற, லியோனா."

திறக்கவில்லை. சத்தியமாகத் திறக்கவில்லை. மேசைக்கு அடியில் வாயைப் பொத்திக்கொண்டு கிடந்தேன்.

தேடப்போனவர்கள் ஆறு மணிக்குக் கார்லண்டைக் கொண்டுவந்தார்கள். ஒரு பனிக்கட்டியின் மேல் குப்புறக் கிடந்தானாம். வயர்லெஸ் படகோடு மூழ்கியிருந்தது.

அன்றைய ரேடார் பதிவை முழுதாகப் போட்டுப் பார்த்தேன். 2:38க்குப் படகின் கோடு அறுந்துபோகிறது. அதன்பின் ஆடுகிற கோடு ஒன்றே ஒன்றுதான், நான் திரையில் அழித்த அதே கோடு. கரைக்கு வந்த கோடு பதிவில் எங்குமே இல்லை.

தம்பிக்கு நாலு மணி வரை உயிர் இருந்திருக்கும் என்றார் டாக்டர்.