கப்பல் மரப் பீப்பாய்

ஹல்துமுல்லைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டம் ஒன்றில், துரை பங்களாவில்தான் என் அப்பா வேலை பார்த்தார். தோட்டத்து மேனேஜர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் எங்களுக்குத் துரைதான்.

துரையின் மேசைமேல் கைக்கு அடக்கமான ஒரு மரப் பீப்பாய் இருந்தது, பேனா வைப்பதற்கு. உடைத்துப் பிரித்த பழைய போர்க்கப்பலின் தேக்கில் செய்தது என்று அதன் பித்தளைத் தகட்டில் இங்கிலீஷில் எழுதியிருக்கும். வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன சாமான். எந்தச் சண்டைக்குப் போன கப்பல் என்றெல்லாம் அப்பாவுக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமைகளில் தகட்டைப் புளி போட்டுத் துலக்குவார், அவ்வளவுதான்.

நான் பண்டாரவளையில் டீச்சராகச் சேர்ந்த வருடம், பங்களாவுக்கு வந்த விருந்தாளி ஒருவர் அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். இந்த மாதிரிக் கப்பல் மரச் சாமான்களைத் தேடித் தேடிச் சேர்ப்பவர்கள் வெளிநாட்டில் இருக்கிறார்கள், நல்ல விலை போகும் என்றாராம். அப்பா தேத்தண்ணீர்த் தட்டோடு பக்கத்தில் நின்றிருக்கிறார். அடுத்த வாரம் பீப்பாயைக் காணவில்லை.

"அன்னைக்கு நீயும் கேட்டுக்கிட்டுத்தானே நின்ன," என்று மட்டும் துரை சொன்னார். அது போதுமாயிருந்தது.

சனிக்கிழமை நான் வீட்டுக்கு வந்தபோது, தோட்டத்துக் காவல்காரர்கள் இருவர், வரிசை வீடுகளான லயத்தில் எங்களுக்கிருந்த ஒற்றை அறைக் காம்பராவுக்குள் பெட்டிகளைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மாவின் சேலைகளும் என் சர்டிபிகேட்டுகளும் வாசலில் கிடந்தன. லயமே திரண்டு பார்த்துக்கொண்டு நின்றது. அப்பா கைகட்டி நின்றார்.

"அரிசி டின்னுக்குள்ளயும் கையப் போட்டுப் பாருங்க," என்று அவரே சொன்னார்.

ஒன்றும் கிடைக்கவில்லை. இருந்தும் வேலைக்கு வர வேண்டாம் என்றுவிட்டார்கள். மூன்றாவது வாரம் துரையின் டிரைவர் வந்தார். கொழும்புக்குப் போன துரையின் மனைவி, தம்பியிடம் காட்டுவதற்காகப் பீப்பாயைக் கையோடு கொண்டுபோயிருந்தாராம்.

"அவங்க திரும்பி வந்து பத்து நாளாச்சுண்ணே," என்றார் அப்பாவிடம். "நாளைக்கு ஒங்கள வேலைக்கு வரச் சொன்னாங்க."

"வேற எதுவும் சொல்லலையா?" என்று கேட்டேன். அவ்வளவுதான் என்று டிரைவர் படியிறங்கினார்.

அவர் போனதும், "போகாதீங்கப்பா," என்றேன்.

"காம்பரா தோட்டத்துது பாப்பா. நான் போகலன்னா இதையும் விடச் சொல்லுவாங்க. அம்மாவ எங்க கூட்டிக்கிட்டுப் போறது?"

பண்டாரவளையில் நானே வேறு இரண்டு டீச்சர்களோடு ஓர் அறையில் இருந்தேன். அது தெரிந்தும், "ஒங்களுக்குச் சூடு சொரணையே இல்லையா?" என்று கேட்டுவிட்டேன். மறுநாள் காலையில் அவர் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு பங்களாவுக்கு ஏறிப்போனார்.

பென்ஷன் வயது வரை நாலு வருடம் அங்கேயே இருந்தார். அவர் செத்த வீட்டுக்கு வந்த பங்களாச் சமையல்கார அக்காதான் எனக்குத் தெரியாத ஒன்றைச் சொன்னார். அந்த நாலு வருடமும் வேலை முடிந்து கிளம்பும்போது, யாரும் கேட்காமலேயே, அப்பா தன் சாப்பாட்டுப் பையைப் பின்வாசலில் தலைகீழாக உதறிக் காட்டிவிட்டுத்தான் படியிறங்குவாராம்.

"துரை பார்ப்பாரா?"

"பாப்பாரும்மா. ஒரு நாளும் வேணாம்னு சொன்னதில்ல."